கப்பலில் வந்தவை

ஒரு திருட்டை ஒப்புக்கொண்டு இந்த வாரத்தை ஆரம்பிக்கிறேன். திருடியது நான்தான்.

1999. பி.காம் இரண்டாம் வருஷம். சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஐயா என்றே வைத்துக்கொள்வோம், நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். முன்னறை முழுக்கப் புத்தகம். நாற்காலியில் புத்தகம், தையல் மெஷின் மேல் புத்தகம், மீன் வலைக்காரர் எவரோ விட்டுப்போன மூங்கில் கூடையிலும் புத்தகம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் ஒரு டம்ளர் காப்பியும் ஒரு மணி நேரப் பேச்சும் நிச்சயம்.

ஒருநாள் பழைய மெட்ராஸைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 112 பக்கம். என் அப்பா பிறப்பதற்கு முன் அச்சானது. தலைப்பைச் சொல்லமாட்டேன், சொன்னால் ஐயா யாரென்று மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

"படிச்சுட்டு ரெண்டு வாரத்துல குடுத்துடுப்பா. இது வேற எங்கயும் கிடைக்காது."

வேறெங்கும் கிடைக்காது என்ற அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது.

லஸ்ஸில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரு தாளில் இரண்டு பக்கம், தாளுக்கு ஐம்பது பைசா. ஆக இருபத்தெட்டு ரூபாய். ஸ்பைரல் பைண்டிங் பதினைந்து. மொத்தம் நாற்பத்து மூன்று ரூபாய் செலவழித்து, அந்த ஜெராக்ஸை ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் புத்தகம் கிழிந்துவிட்டது, பைண்டரிடம் கொடுத்திருக்கிறேன், அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

ஐயா அதைப் புரட்டிப் பார்த்தார். "பரவால்ல. படிக்கிறது எழுத்தைத்தானே" என்றார்.

பைண்டரும் கிடையாது, கிழிசலும் கிடையாது. புத்தகம் என் அலமாரியில் இருந்தது. வெகுகாலம் இருந்தது.

இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் செய்த அதே காரியத்தை, அதே வரிசையில், எனக்கு 2,200 வருஷம் முன்பே ஒரு ராஜா செய்திருக்கிறான் என்று படித்தேன். அவன் செய்ததை உலகமே கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

அவன் ஊர் அலெக்சாண்ட்ரியா.

*

அலெக்சாண்டரைப் பற்றி புளூட்டார்க் ஒரு தகவல் சொல்கிறார். ராத்திரி படுக்கும்போது அவன் தலையணைக்கு அடியில் இரண்டு பொருள் இருக்குமாம். ஒன்று குத்துவாள். இன்னொன்று ஹோமரின் இலியட், அதுவும் அரிஸ்டாட்டில் திருத்திக் கொடுத்த பிரதி. இந்தக் கட்டுரை முழுவதுமே அந்தத் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

கி.மு. 332-ல் அவன் டயர் என்ற துறைமுக நகரத்தை ஏழு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தான். பிடித்த பிறகு 2,000 பேரைக் கடற்கரையில் சிலுவையில் அறைந்தான், பல்லாயிரம் பேரை அடிமைகளாக விற்றான் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அடுத்த வருஷம், கி.மு. 331-ல், எகிப்தின் கடலோரத்தில் தன் பெயரில் ஒரு நகரத்துக்கு அளந்து கோடு போட்டான். சிலுவை நட்ட கையும் கோடு போட்ட கையும் ஒன்றுதான்.

நகரம் எழும்பியதை அவன் பார்க்கவில்லை. கி.மு. 323-ல் பாபிலோனில் செத்துப்போனான். தளபதிகள் ஆளுக்கொரு தேசமாகப் பங்கு போட்டுக்கொண்டதில் எகிப்து தாலமிக்குக் கிடைத்தது. தாலமியும் அவன் வாரிசுகளும் அங்கே ஒரு கல்விக்கூடமும் நூலகமும் வைத்தார்கள். அறிஞர்களுக்குச் சம்பளம், சாப்பாடு, வரிவிலக்கு. எல்லாம் எகிப்திய விவசாயி கொடுத்த தானியத்திலிருந்து. அவனுக்கு ஒரு எழுத்து கிரேக்கம் தெரியாது.

பதிலுக்கு உலகத்துக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சமல்ல. நாம் பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டே படித்த ஜியோமிதி, யூக்ளிட் அங்கே எழுதியது. பூமியின் சுற்றளவை, ஒரு கம்பத்தின் நிழலையும் தெற்கே ஒரு ஊரில் நிழலே விழாத மத்தியானத்தையும் வைத்துக் கணக்குப் போட்டவர் எரட்டோஸ்தனிஸ். அவர் அந்த நூலகத்துக்குத் தலைவர். எந்தப் புத்தகம் யார் எழுதியது என்று கலிமாகஸ் போட்ட பட்டியலே 120 சுருள்.

சரி, புத்தகங்கள் எப்படி வந்தன?

இங்கேதான் என் ஜெராக்ஸ் கதை வருகிறது. கி.பி. 2-ம் நூற்றாண்டு மருத்துவரான கேலன் எழுதியிருக்கிறார். மூன்றாம் தாலமி ஓர் உத்தரவு போட்டானாம். துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலையும் சோதனை போடவேண்டியது. கள்ளச் சரக்குக்காக அல்ல, புத்தகத்துக்காக. இருந்தால் பறிமுதல். நகல் எடுத்து, நகலைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மூலத்தை நூலகத்தில் வைத்துக்கொள்வார்கள்.

ஏதென்ஸ் நகரத்திடம் ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரின் நாடகங்களுக்கு அரசாங்க மூலப்பிரதி இருந்தது. நகல் எடுத்துத் தருகிறேன் என்று அதையும் கேட்டான். ஏதென்ஸ்காரர்கள் உஷாரானவர்கள். 15 டேலன்ட் வெள்ளி முன்பணம் கட்டு என்றார்கள். இன்றைய எடையில் சுமார் 390 கிலோ. கட்டினான். உயர்ந்த தாளில் அழகாக நகல் எடுத்தான். நகலை அனுப்பிவிட்டு, முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

அவனுக்கு ஆன செலவு 390 கிலோ வெள்ளி. எனக்கு நாற்பத்து மூன்று ரூபாய். மற்றபடி வித்தியாசம் இல்லை. அவனாவது பைண்டர் கதை சொல்லவில்லை.

*

'ஏதோ கிரேக்கத்துச் சமாசாரம், நமக்கென்ன?' என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்த நூலக நகரத்தில் நம் பேட்டையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

கி.பி. 2-ம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் இன்னொரு தாலமி இருந்தார். ராஜா அல்ல, வானியலும் புவியியலும் எழுதியவர். உலகத்து ஊர்களை அட்சரேகை, தீர்க்கரேகை போட்டுப் பட்டியலிட்டார். அதில் முசிறி இருக்கிறது, மதுரை இருக்கிறது, காவிரிப்பூம்பட்டினம் இருக்கிறது. 'மலியார்ஃபா' என்று ஒரு துறை இருக்கிறது. அது மயிலாப்பூர்தான் என்பது பல அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. மயிலையின் பழைய துறையைத் தேடினால் இன்றைய சாந்தோம் கடற்கரைப் பக்கம்தான் பார்க்கவேண்டும்.

எழுதியவர் இங்கே வந்ததில்லை. வந்துபோன வியாபாரிகளும் மாலுமிகளும் சொன்னதைக் கேட்டு எழுதினார்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது கொஞ்சம் பெருமையான இடம். வாளெடுத்துப் போகாமலே, வெறும் கொடுக்கல் வாங்கலிலேயே அறிவு கடல் தாண்டும் என்பதற்கு அத்தாட்சி. முசிறி வியாபாரத்துக்கான ஒரு கடன் பத்திரமே கிடைத்திருக்கிறது. அதுவும் கி.பி. 2-ம் நூற்றாண்டு, பாப்பிரஸ் தாளில் எழுதியது, இப்போது வியன்னாவில் இருக்கிறது. செங்கடல் கரையில் இறக்கும் சரக்கை ஒட்டகத்தில் ஏற்றி, நைல் நதியில் படகில் போட்டு, அலெக்சாண்ட்ரியா கிடங்குவரை யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். யானைத் தந்தம் இத்தனை, வாசனைப் பொருள் இத்தனை, மொத்த மதிப்பில் நாலில் ஒரு பங்கு சுங்கம். இருபத்தைந்து சதவிகிதம்!

ஆனால் பெருமையை அளவோடு வைத்துக்கொள்ளவேண்டும். கி.மு. 30-ல் எகிப்தை ரோம் கைப்பற்றிய பிறகுதான் இந்த வியாபாரம் இப்படிப் பெருகியது. அந்த இருபத்தைந்து சதவிகிதம் ரோம் சாம்ராஜ்யத்தின் கஜானாவுக்குப் போனது. வியாபாரியின் கையும் கழுவித் துடைத்த கை அல்ல, தண்ணீர் பட்ட கை, அவ்வளவுதான்.

*

இப்போது சாந்தோமுக்கே வருவோம். இன்றைக்கு நிற்கும் தேவாலயம் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின்பக்கம் கடற்கரையில் நின்றுகொண்டு மணலைப் பார்த்தால் நம்பவே முடியாது, இந்தத் துண்டு நிலத்துக்காக எத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்று. போர்த்துக்கீசியர், கோல்கொண்டா சுல்தான், 1672-ல் பிரெஞ்சுக்காரர், இரண்டு வருஷத்தில் அவர்களைத் துரத்த கோல்கொண்டாவோடு சேர்ந்த டச்சுக்காரர், கடைசியில் 1749-ல் ஆங்கிலேயர்.

இந்த அடிதடிகளுக்கு நடுவில் நம்மிடம் என்ன அறிவு சேர்ந்தது என்று பார்த்தால், அலெக்சாண்ட்ரியா கதை அப்படியே திரும்ப நடந்திருக்கிறது.

1761. பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயப் படை, கவர்னர் மாளிகையில் ஓர் அச்சு இயந்திரத்தைக் கண்டெடுத்தது. கொள்ளைப் பொருளோடு அதுவும் மெட்ராஸ் வந்தது. இங்கே யாருக்கும் ஓட்டத் தெரியவில்லை. வேப்பேரியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபப்ரீஷியஸிடம், கம்பெனியின் அச்சு வேலைகளையும் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். வேப்பேரி அச்சகம் பிறந்தது. 1779-ல் ஃபப்ரீஷியஸின் தமிழ்-ஆங்கில அகராதி அங்கேதான் அச்சானது. பிரெஞ்சுக்காரனிடம் பறித்ததில் தமிழுக்கு ஓர் அகராதி.

1799. ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகை. திப்பு கொல்லப்பட்டார். ஏறக்குறைய 2,000 தொகுதிகள் கொண்ட அவருடைய நூலகம் வெற்றியாளர்கள் கைக்குப் போனது. ஒரு பகுதி கல்கத்தாவுக்கு, ஒரு பகுதி லண்டனுக்கு. 1809-ல் சார்லஸ் ஸ்டூவர்ட் அதற்குக் கேட்லாக்கே வெளியிட்டுவிட்டார்.

அந்த முற்றுகையில் ஆங்கிலேயர் பக்கம் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் வில்லியம் லாம்டன். மூன்றே வருஷத்தில், 1802 ஏப்ரல் 10-ம் தேதி, நம் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் அடிக்கோடு. அதிலிருந்து இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். எரட்டோஸ்தனிஸ் நிழலை வைத்துப் போட்ட கணக்கை, நம்மூர் வெயிலில் நின்று இன்னும் துல்லியமாக்கிய வேலை. கம்பெனி பணம் கொடுத்ததற்குக் காரணம் பூமியின் வடிவத்தின் மேல் இருந்த காதல் அல்ல. பிடித்த நிலத்துக்கு வரைபடம் வேண்டும்.

லாம்டன் கதையில் ஓர் அழகான திருப்பம் உண்டு. அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், இது விஞ்ஞானத்துக்கானது என்று புரிந்தது. பிரெஞ்சு கவர்னர் அதைப் பத்திரமாகக் கட்டி, மரியாதையான ஒரு கடிதத்தோடு மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்!

ஆக, கப்பலில் அகப்பட்டதைத் திருப்பித் தரவும் மனிதனால் முடிந்திருக்கிறது. தாலமியோ நானோ 'அந்தக் காலம் அப்படி', 'அந்த வயசு அப்படி' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது அதிகாரி காலின் மெக்கன்சி. பின்னாளில் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். இவர் அளக்கப் போன இடத்திலெல்லாம் ஓலைச்சுவடி, கல்வெட்டு நகல், ஊர்க்கதை என்று சேர்த்தார். 1,500-க்கும் மேற்பட்ட சுவடிகள், 8,000-க்கும் மேற்பட்ட கல்வெட்டுப் படிகள். பெரும்பாலும் காசு கொடுத்தும் நகல் எடுத்தும் சேர்த்தது, பறித்தது அல்ல. ஆனாலும் கேட்டு வருகிறவன் பின்னால் கம்பெனிப் பட்டாளம் இருக்கிறது என்று கிராமத்தானுக்குத் தெரியும். 'வரி போடத்தான் விசாரிக்கிறாங்க' என்ற பயத்தோடுதான் பலர் வாய் திறந்தார்கள். அந்தச் சேகரத்தின் ஒரு பகுதி இன்றும் சென்னையில், 1869-ல் ஏற்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தென்னிந்திய வரலாறு எழுதுகிற யாரும் அந்தச் சுவடிகளைத் தொடாமல் எழுத முடியாது.

*

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். வங்கி அதிகாரி. சட்டென்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வெள்ளைக்காரன் எடுத்து வெச்சான், தப்பிச்சுது. நம்ம ஆளுங்ககிட்ட இருந்திருந்தா கரையான் தின்னிருக்கும். தட்டிக் கழிச்சுப் பார்த்தா லாபம்தான்."

பாதி உண்மை என்பதால்தான் இந்த வாதம் ஆபத்தானது. கரையான் மட்டுமா? உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் விசாரித்தபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டோம், ஆகமத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்றார்களாம். எரித்தவன் அன்னியன் இல்லை. பக்தியோடு எரித்தார்கள்.

ஆனால் 'வெள்ளைக்காரன் காப்பாற்றினான்' என்பதும் முழுக் கணக்கு இல்லை. எல்லிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் கலெக்டர், 1812-ல் கோட்டைக் கல்லூரி அமையக் காரணமானவர், திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-லேயே எழுதியவர். அவருக்குக் குறள் உள்ளிட்ட சுவடிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் கந்தப்பன் என்றும், அவர் ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் பட்லர் என்றும் அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். கந்தப்பன் பண்டிதரின் தாத்தா. அதாவது, துரை வாசிக்கும் முன்பே சுவடியை ஒரு பட்லர் வீட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

1819-ல் எல்லிஸ் இறந்தபின் அவர் எழுதிவைத்த தாள்கள் என்ன ஆயின? ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சமையல்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் உதவின என்று சொல்லப்படுகிறது. ஒரு சமையலறை சுவடியைக் காப்பாற்றியது, இன்னொரு சமையலறை ஆராய்ச்சியை எரித்தது. இதில் ஆள்பவன், ஆளப்பட்டவன் என்று கோடு கிழித்துப் புண்ணியத்தைப் பங்கு போட முடியவில்லை.

ஜெயித்தவன் எப்போதும் புத்தகத்தைச் சேகரிப்பான் என்றும் இல்லை. 1981-ல் பற்றிய தீயில் யாழ்ப்பாணம் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் போயின. அங்கே நகல் எடுத்துக்கொடுக்கக்கூட எவனுக்கும் தோன்றவில்லை. அந்தத் தீயோடு ஒப்பிட்டால் தாலமி மகாத்மாவாகத் தெரிவான். ஒப்பிட்டுப் பார்ப்பதில் இதுதான் சங்கடம். இன்னும் மோசமானவனைப் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் நல்லவன்.

*

நண்பர் சொன்ன 'தட்டிக் கழிச்சு' என்ற வார்த்தைதான் என்னை உறுத்தியது. கல்லூரியில் கணக்கியல் வகுப்பில் முதலில் வாங்கும் திட்டு இதற்குத்தான். ஒரு நிறுவனத்துக்குப் பத்து லட்சம் சொத்து இருக்கிறது, எட்டு லட்சம் கடன் இருக்கிறது. 'நிகரம் இரண்டு லட்சம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகமுடியாது. சொத்தைச் சொத்துப் பக்கம் முழுசாகக் காட்டவேண்டும். கடனைக் கடன் பக்கம் முழுசாகக் காட்டவேண்டும். ஒன்றை இன்னொன்றால் மறைப்பது, விதிவிலக்குகள் தவிர, தப்பு. காரணம் எளிமையானது. கழித்து எழுதினால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கண்ணிலிருந்தே மறைந்துவிடும்.

சரித்திரத்தை நாம் பெரும்பாலும் நிகரமாகத்தான் வாசிக்கிறோம். சிலருக்கு நிகரம் லாபம்: ரயில் விட்டான், அகராதி போட்டான், சரியாய்ப் போச்சு. சிலருக்கு நிகரம் நஷ்டம்: கொள்ளைக்காரன் தொட்டது எல்லாமே விஷம், யூக்ளிட் உட்பட. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். டயர் கடற்கரையில் சிலுவையில் செத்தவனுக்கு, பிற்பாடு யாரோ பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்ததால் ஒரு நயா பைசா வரவாகவில்லை. அதேபோல, அவன் செத்ததால் பூமியின் சுற்றளவு ஓர் அங்குலம் மாறிவிடவும் இல்லை. இரண்டையும் முழுசாக எழுதித்தான் ஆகவேண்டும், தனித்தனிப் பக்கத்தில்.

வேடிக்கை என்னவென்றால், இதை அந்தத் தாலமியின் ஆட்களே கொஞ்சம் செய்திருக்கிறார்கள். பறிமுதல் செய்த சுருள்களின் மேல் ஒரு குறிப்பு எழுதி வைப்பார்களாம். 'கப்பல்களிலிருந்து.' கேலன் சொல்வதுதான் இதுவும். திருட்டுதான், ஆனால் திருட்டு என்று பேரேட்டில் பதிவு செய்த திருட்டு. என் புத்தகத்தில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால், "பழைய புத்தகக் கடையில் கிடைத்தது" என்று சொல்லிவந்தேன்.

சரி, பதிவு செய்தால் போதுமா? பாக்கி என்று எழுதி வைத்தவன் பாக்கியைக் கட்ட வேண்டாமா?

*

ஐயா 2009-ல் காலமானார். எனக்குத் தெரிந்தது நான்கு மாதம் கழித்து. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட ஏற்பாடு ஆகியிருந்தது. புத்தகங்கள் என்ன ஆயின என்று விசாரித்தேன். பழைய பேப்பர்காரர் டெம்போ கொண்டுவந்து, எடை போட்டு எடுத்துப் போனாராம்.

அன்று ராத்திரி என் அலமாரியைத் திறந்து அந்த 112 பக்கத்தைப் பார்த்தபோது எனக்குள் ஒரு குரல் சொன்னது. 'பார்த்தாயா, நீ எடுத்து வைத்ததால்தானே இது ஒன்றாவது பிழைத்தது!'

அப்போதுதான் அந்த வாதத்தின் உள்பக்கம் எனக்குத் தெரிந்தது. 1999-ல் நான் எதையும் காப்பாற்றப் போகவில்லை. வேறெங்கும் கிடைக்காது என்றார், எனக்கு வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். காப்பாற்றினேன் என்பது பத்து வருஷம் கழித்து, டெம்போ வந்துபோன பிறகு, நான் முன்தேதியிட்டுப் போட்ட வரவு. ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதைவிடப் பெரிய ஒரு செலவை நான் எழுதவே இல்லை. பொய் சொன்ன பிறகு எனக்கு ஐயா வீட்டுக்குப் போக முகம் இல்லை. 'பைண்டர் குடுத்துட்டானாப்பா?' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. பிறகு ஒரு மாதம். பிறகு பத்து வருஷம். என் அலுவலகம் அங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். புத்தகம் என்னிடம் வந்தது, அந்த ஒரு மணி நேரப் பேச்சு போய்விட்டது. ஐயாவுக்குத் தெரிந்ததில் அந்த 112 பக்கம் எத்தனையில் ஒரு பங்கு என்று நினைக்கிறீர்கள்?

பறிப்பவர்களின் கதை எல்லாவற்றிலும் இந்த நஷ்டம் இருக்கிறது. மெக்கன்சிக்கு எல்லாமாக இருந்தவர்கள் காவலி சகோதரர்கள். மூத்தவர் போரய்யா 1803-ல் இளவயதிலேயே போய்விட்டார். தம்பி லட்சுமய்யா தொடர்ந்தார். 1821-ல் மெக்கன்சி இறந்தபின் கம்பெனி சேகரத்தை அவர் மனைவியிடம் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. லட்சுமய்யா, இந்த வேலையை நான் தொடர்ந்து நடத்துகிறேன் என்று பிற்பாடு விண்ணப்பித்தார். கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியிடம் கருத்துக் கேட்டார்கள். இவர் என்றில்லை, எந்தச் சுதேசிக்கும் அவ்வளவு திறமை எதிர்பார்க்க முடியாது என்ற தோரணையில் பதில் வந்தது. ஓலைக்கு ஒரு லட்சம். ஓலையைத் தேடிக் கண்டுபிடித்து, படித்து அர்த்தம் சொன்ன ஆளுக்கு ஒரு நாற்காலி இல்லை.

அலெக்சாண்ட்ரியாவும் அப்படித்தான் தேய்ந்தது. நூலகம் என்றதும் எல்லாரும் தீயைத்தான் சொல்வார்கள். கி.மு. 48-ல் சீசர் வைத்த தீ, கி.பி. 391-ல் செராபிஸ் கோயில் இடிப்பு. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, கி.மு. 145 வாக்கில், எட்டாம் தாலமி தனக்கு வேண்டாதவர்கள் என்று அறிஞர்களை ஊரைவிட்டே துரத்தினான். சுருள்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. படிக்கத் தெரிந்தவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

*

போன மாதம் ஐயாவின் மகளைத் தேடிப் போனேன். அதே சந்து, மூன்றாவது மாடி ஃப்ளாட். ஐம்பது தாண்டியவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஓ, இதோட ஜெராக்ஸா அது?" என்றார். "அப்பா கடைசி வரைக்கும் அதைத்தான் தலைமாட்டுல வெச்சிருந்தாரு. ஓரத்துல எல்லாம் பென்சில்ல எழுதி வெச்சிருப்பாரு. இந்தத் தெரு அங்க இல்ல, இங்க இருந்துச்சு, இந்த வருஷம் தப்புன்னு..."

"அது இப்ப..."

"எல்லாத்தோடயும் போயிருச்சு. எங்களுக்கு என்ன தெரியும்?"

ஆக, நான் காப்பாற்றியது அச்சடித்த தாளை. அதில் என்னென்ன தப்பு என்று தெரிந்த ஒரே மனிதரின் திருத்தங்கள், நான் நாற்பத்து மூன்று ரூபாய்க்குப் போட்ட நகலோடு எடைக்குப் போய்விட்டன. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து போயிருந்தால் அதில் நாலு விஷயமாவது என் தலையில் இருந்திருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். 'அதனால என்ன, நீங்களே வெச்சுக்கோங்க' என்று அக்கா சொல்லுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கதைகளில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, ஷோகேஸில் ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பிறகு, "காப்பி சாப்பிடுறீங்களா?" என்றார்.

சாப்பிட்டேன்.

கீழே இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடக்கும்போதுதான் உறைத்தது. ஜெராக்ஸ்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.